வைரசும் வெல்லமும்: வகுப்பிலும் வீட்டிலும் கேட்ட கேள்விகள்

மாரி தொடங்கினால் மட்டக்களப்பில் என் உயர்தர உயிரியல் வகுப்பில் பாதி வாங்கு காலியாகிவிடும். ஒருவருக்குத் தடிமன், ஒருவருக்கு டெங்கு, இன்னொருவருக்கு வயிற்றோட்டம். அப்படி ஒரு நாள், வந்திருந்த பிள்ளைகளிடம், "வைரசு நம் கலத்தின் மேலுள்ள வெல்லத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறது" என்று ஒரு வசனம் சொல்லிவிட்டேன். அதோடு தொடங்கிய கேள்விகள் நிற்கவில்லை. பிள்ளைகள் கேட்டது, அம்மாமார் கேட்டனுப்பியது, என் மாமி தொலைபேசியில் கேட்டது எல்லாவற்றையும் இங்கே போட்டிருக்கிறேன்.

அப்போ தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் விட்டால் தடிமன் வராதா?

இது மாமியின் கேள்வி. வரும் மாமி. போத்தலில் இருக்கும் சீனி வேறு, கலத்தின் மேல் இருக்கும் வெல்லங்கள் வேறு. அவற்றைக் கலமே உள்ளே செய்து வெளியே அனுப்புகிறது. சீனியைத் தொடாவிட்டாலும் சோற்றிலிருந்து குளுக்கோசு கிடைக்கும். சோற்றையும் விட்டால் ஈரல் குளுக்கோசு செய்து கொடுக்கும். நீரிழிவுக்காகச் சீனியைக் குறைப்பது நல்லது. தடிமனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கலத்தின் மேல் வெல்லம் இருக்கிறது என்றால் என்ன மாதிரி?

முதலில் ஒன்று: பாடப்புத்தகத்தில் வெல்லம் என்பது பனங்கட்டி அல்ல. குளுக்கோசு, கலக்டோசு, மனோசு, ஃபியூக்கோசு மாதிரியான மூலக்கூறுகளுக்குப் பொதுப்பெயர். இவை சங்கிலிகளாகக் கோக்கப்பட்டு, கலமென்சவ்வின் புரதங்களிலும் கொழுப்புகளிலும் தொங்குகின்றன. கலத்தை வெளியிலிருந்து தொட வரும் எதுவும் பெரும்பாலும் முதலில் தொடுவது இந்த வெல்லப் புதரைத்தான். நாற்று நட்ட வயலுக்குள் இறங்கினால் காலில் முதலில் படுவது சேறல்ல, நாற்று, அது மாதிரி.

இது எங்கோ தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் இரத்த வகையே வெல்லக் கணக்குத்தான். செங்குருதிக் கலத்தின் மேலுள்ள ஒரு சங்கிலியின் நுனியில் N-அசற்றைல் கலக்டோசமைன் என்ற வெல்லம் ஒட்டியிருந்தால் நீங்கள் A. அந்த இடத்தில் வெறும் கலக்டோசு இருந்தால் B. இரண்டும் இருந்தால் AB, ஒன்றும் இல்லாவிட்டால் O. ஒரேயொரு வெல்லம் மாறினால் இரத்தம் ஏற்றுவதில் உயிரே போகலாம். அவ்வளவு நுணுக்கமாக இந்த வெல்லங்களை வாசிக்க நம் உடலுக்குத் தெரியும். வைரசுக்கும் தெரியும்.

சேர், வைரசுக்குக் கண்ணா இருக்கிறது? எப்படி அடையாளம் காணும்?

கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. அடையாளம் காண்கிறது என்று நாம் சொல்வதே ஒரு வசதிக்காகத்தான். நடப்பது இதுதான்: வைரசு அங்குமிங்கும் மோதுகிறது. மோதும் இடத்தில் அதன் புரதத்தின் வடிவமும் மின்னேற்றமும் எதிரே உள்ள வெல்லத்துக்குப் பொருந்தினால் கொஞ்ச நேரம் தங்கும்; பொருந்தாவிட்டால் விலகிப் போய்விடும்.

நன்றாக ஆராயப்பட்ட உதாரணம் இன்புளுவென்சா. அதன் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் முள்முள்ளாக நிற்கிறது. ஒரே மாதிரியான மூன்று துண்டுகள் முறுக்கிச் சேர்ந்த தூண் அது. வைரசின் மென்சவ்விலிருந்து சுமார் 13.5 நனோமீற்றர் உயரம். மேல் நுனியில், மூன்று துண்டுக்கும் ஒவ்வொன்றாக, ஆழமில்லாத சின்னக் குழி. அந்தக் குழிக்குள் வந்து உட்காருவது சியாலிக் அமிலம், நம் வெல்லச் சங்கிலிகள் பலவற்றின் கடைசி நுனியில் இருக்கும் ஒன்பது காபன் வெல்லம்.

அது எப்படி உட்காருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சியாலிக் அமிலத்தின் பக்கக்கிளையில் உள்ள ஐதரொட்சைல் தொகுதிகள், குழியின் அடியில் இருக்கும் 98ஆவது அமினோ அமிலமான டைரோசினோடும், 183ஆவதான ஹிஸ்டிடினோடும் ஐதரசன் பிணைப்புப் போடுகின்றன. அசற்றைல் பகுதி 153ஆவதான டிரிப்டோஃபானின் தட்டையான வளையத்தின் மேல் சாய்ந்துகொள்கிறது. குழியின் விளிம்பில் இரண்டு வளைந்த இழைகளும் ஒரு சுருளும் காவல் நிற்கின்றன. அடியில் உள்ள அமினோ அமிலங்கள் விகாரமடைந்தால் வைரசால் பிடிக்க முடியாது. ஆகவே வருடம் வருடமாக மாறும் இந்த வைரசில் அவை மட்டும் பெரிதாக மாறுவதில்லை.

பூட்டும் சாவியும் மாதிரி என்று எழுதினால் புள்ளி கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் எனக்கு அந்த உவமை இந்த இடத்தில் பிடிக்காது. ஒரு சாவி ஒரு பூட்டைத் திறந்துவிடும். இங்கே ஒரு குழி ஒரு சியாலிக் அமிலத்தைப் பிடிக்கும் பிடி மிகவும் பலவீனமானது. கணக்குக்குச் சொன்னால், ஒரு லீற்றரில் இரண்டு மூன்று மில்லிமூல் சியாலிக் அமிலம் இருந்தால்தான் குழிகளில் பாதியாவது நிரம்பும். நல்ல பிறபொருளெதிரி ஒன்று (கிருமியைப் பிடிக்க நம் உடல் செய்யும் புரதம்) தன் இலக்கை இதைவிட இலட்சக்கணக்கான மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும்.

பிறகு எப்படி ஒட்டுகிறது? படுவான்கரையில் வயல் வரம்போரம் நடந்து வந்தால் சாரத்தின் கரையெல்லாம் நாயுருவி ஒட்டியிருக்கும். ஒரு விதையை விரலால் தட்டினால் விழுந்துவிடும். ஒரு கதிர் முழுக்க ஒட்டினால் இழுத்தெடுக்கச் சீலைதான் கிழியும். வைரசு செய்வதும் அதுதான். 100 நனோமீற்றர் அளவான ஒரு வைரசில் சில நூறு ஹீமக்ளூட்டினின் தூண்கள். ஒவ்வொன்றிலும் மூன்று குழி. ஒரு பிடி கழன்றாலும் பக்கத்துப் பிடிகள் விடாமல் வைத்திருக்கும், கழன்றது திரும்பவும் மாட்டிக்கொள்ளும்.

பறவைக் காய்ச்சல் ஏன் மனிதரிடையே லேசில் பரவுவதில்லை? இரண்டு பேரிடமும் அதே சியாலிக் அமிலம்தானே?

பறவைக் காய்ச்சலும் ஓர் இன்புளுவென்சாதான். அமிலமும் அதே அமிலம்தான், கட்டியிருக்கும் இடம் வேறு. சியாலிக் அமிலம் சங்கிலியின் அடுத்த வெல்லமான கலக்டோசில் பிணைகிறது. பறவைகளின் குடலில் பெரும்பாலும் கலக்டோசின் 3ஆவது காபனில். நம் மூக்கிலும் வாதனாளியிலும் பெரும்பாலும் 6ஆவது காபனில்.

கேட்கச் சின்ன வித்தியாசம். ஆனால் வாவிக்கரையில் தோணி கட்டியவர்களுக்குப் புரியும்: கட்டும் கட்டை மாறினால் தோணி நிற்கும் திசையே மாறிவிடும். 6ஆவது காபன் கலக்டோசின் வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், அங்கே கட்டினால் கயிறு ஒரு சாண் கூட என்று வையுங்கள். சுழல இன்னொரு பிணைப்பு கிடைக்கிறது, சங்கிலி வளைந்து குடை மாதிரி விரிகிறது. 3ஆவதில் கட்டினால் ஒடுங்கிய கூம்பு மாதிரி நிற்கும். பறவை வைரசின் குழி கூம்புக்குத் தோதானது, மனித வைரசின் குழி குடைக்கு.

இந்தக் குழியை மாற்ற எவ்வளவு வேலை வேண்டும்? பயமுறுத்துவது இதுதான். 1968இல் உலகம் முழுக்கப் பரவிய H3N2 என்ற இன்புளுவென்சா வகையில், பறவை வைரசிலிருந்து வந்த ஹீமக்ளூட்டினினின் குழியோரம் இரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருந்தன: 226ஆவது இடத்தில் குளூட்டமினுக்குப் பதில் லியூசின், 228ஆவதில் கிளைசினுக்குப் பதில் செரின். 1957இன் H2N2விலும் இதே இரண்டு மாற்றம்தான். 2024 டிசம்பரில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, அங்கே பசுக்களில் பரவிய H5N1 என்ற பறவைக் காய்ச்சல் வைரசின் ஹீமக்ளூட்டினினில் 226இல் அந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே அது மனித வகை வெல்லத்தைப் பிடிக்கிறது என்று காட்டியது. (உயிருள்ள வைரசில் செய்யவில்லை, புரதத்தை மட்டும் வைத்துச் செய்தார்கள்.) குழி மாறியதும் நாளைக்கே தொற்று என்று எடுக்கக் கூடாது. மனிதரிடையே பரவ இன்னும் பல மாற்றங்கள் வேண்டும்.

H5N1 மனிதருக்கு வந்தால் ஏன் அவ்வளவு கடுமை என்பதற்கும் இதில் ஒரு விடை இருக்கிறது. 3ஆவதில் கட்டிய சியாலிக் அமிலம் நம்மிடம் இல்லாமல் இல்லை. சுவாசப்பையின் ஆழத்தில், சிற்றறைகளின் பக்கம் உண்டு. வைரசு அங்கே போய்ச் சேர்ந்தால் நியுமோனியா. ஆனால் அவ்வளவு ஆழத்திலிருந்து தும்மலில் வெளியே வருவது கடினம், ஆகவே பக்கத்து ஆளுக்கு லேசில் தொற்றாது.

பசுவுக்கும் வந்தது என்றால் தயிர் சாப்பிடலாமா?

சாப்பிடுங்கள். பாலைக் காய்ச்சித்தானே உறைக்குத்துகிறோம். காய்ச்சும் சூட்டில் இந்த வைரசு நிற்காது. பச்சைப் பால் குடிப்பதுதான் எப்போதும் கூடாத வேலை.

பிடித்த வைரசு, வேலை முடிந்ததும் எப்படி விடுபடும்?

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு அன்றைக்கே ஒரு பேனை கொடுத்தேன். எல்லோரும் ஒட்டுவதைப் பற்றித்தான் கேட்பார்கள்.

கதையை 1941இலிருந்து சொல்ல வேண்டும். ஜோர்ஜ் ஹேர்ஸ்ட் என்ற அமெரிக்கர் கருவுற்ற கோழிமுட்டைகளில் இன்புளுவென்சா வளர்த்துக்கொண்டிருந்தார். முட்டைத் திரவத்தில் கோழியின் இரத்தம் கலந்தபோது செங்குருதிக் கலங்கள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டதைக் கண்டார். ஹீமக்ளூட்டினின், அதாவது குருதியை ஒட்டவைப்பது, என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அடுத்து அவர் கண்டதுதான் விசேஷம். குளிரில் ஒட்டிய கலங்களை 37 பாகைக்குச் சூடாக்கினால் வைரசு தானாகக் கழன்றுவிட்டது. கழன்ற கலங்களில் அதே வைரசைத் திரும்பப் போட்டால் ஒட்டவில்லை. பிடிமானத்தையே யாரோ வெட்டியெடுத்த மாதிரி.

வெட்டியது வைரசின் இன்னொரு புரதம், நியூராமினிடேஸ் என்ற நொதியம். காளான் வடிவம், நான்கு துண்டு சேர்ந்தது. அதன் வேலை சியாலிக் அமிலத்தைச் சங்கிலியிலிருந்து கத்தரிப்பது. ஒரே வைரசின் மேல் ஒரு புரதம் பிடிக்கிறது, மற்றது வெட்டுகிறது! பைத்தியக்காரத்தனம் மாதிரித் தெரியும். ஆனால் யோசியுங்கள். நம் மூக்குச் சளி முழுக்கச் சியாலிக் அமிலம். வெட்டத் தெரியாத வைரசு சளியிலேயே சிக்கி, சளியோடு வெளியே போய்விடும். அதைக் கடந்து கலத்துக்குள் போய்ப் பெருகினாலும், வெளியே வரும் குஞ்சு வைரசுகள் தாய்க் கலத்திலும் ஒன்றோடொன்றும் ஒட்டிக் குவிந்துகிடக்கும். பிடி கூடினாலும் கெடுதி, வெட்டு கூடினாலும் கெடுதி. இரண்டும் ஒன்றையொன்று தராசில் வைத்த மாதிரித்தான் மாறிக்கொண்டு வருகின்றன.

டாமிஃபுளூ என்ற பெயரில் வரும் ஒசெல்டாமிவிர், மூச்சோடு இழுக்கும் சனாமிவிர் இரண்டும் இந்த வெட்டும் புரதத்தைத்தான் அடைக்கின்றன. 1983இல் நியூராமினிடேஸின் வடிவம் வெளியானது. அந்த வடிவத்தைப் பார்த்துப் பார்த்து, வெட்டும் பள்ளத்தில் மறை ஏற்றமுள்ள ஒரு மூலை சும்மா கிடப்பதைக் கண்டு, சியாலிக் அமிலத்தைப் போன்ற ஒரு மூலக்கூறில் நேர் ஏற்றமுள்ள குவானிடின் தொகுதியை அந்த மூலைக்குப் பொருந்துமாறு வைத்துச் செய்ததுதான் சனாமிவிர். அவுஸ்திரேலியாவில் மார்க் வொன் இட்ஸ்டைன் குழுவினர் 1993இல் அறிவித்தார்கள். 1999இல் அமெரிக்காவில் இரண்டு மருந்துக்கும் அனுமதி கிடைத்தது. வருத்தம் தொடங்கி இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நல்ல பயன்; வைரசு பரவி முடிந்தபின் கதவைச் சாத்தி என்ன பலன்? மருத்துவர் சொல்லாமல் இதை வாங்கிப் போட வேண்டாம்.

அப்போ பிடிக்கும் குழியையே அடைத்துவிட்டால் என்ன? தடுப்பூசி அதைத்தானே செய்கிறது?

ஓரளவுக்கு. பிறபொருளெதிரி குழியின் மேல் வந்து உட்கார்ந்தால் வைரசால் கலத்தைத் தொட முடியாது. சிக்கல் அளவில் இருக்கிறது. குழி சின்னது, பிறபொருளெதிரியின் கை பெரியது. குழியைப் பிடிக்கப் போகும்போது சுற்றியுள்ள விளிம்பையும் சேர்த்துத்தான் பிடிக்கும். மாறாத அடிப்பகுதியை வைத்துக்கொண்டு விளிம்பை மாற்றினால் போதும், வைரசு தப்பிவிடும். இன்புளுவென்சாத் தடுப்பூசியை அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

டெங்கு வைரசும் சியாலிக் அமிலத்தைத்தான் பிடிக்கிறதா?

இல்லை. டெங்கு இரண்டு வழியில் வெல்லத்தோடு தொடர்புபடுகிறது, இரண்டும் வேறு மாதிரி.

ஒன்று ஹெப்பரான் சல்பேற்று. கலங்களின் மேலுள்ள நீளமான வெல்ல இழை அது, சல்பேற்றுத் தொகுதிகளால் முழுக்க மறை ஏற்றம். டெங்கு வைரசின் மேலுறையிலுள்ள E புரதத்தில் நேர் ஏற்றமுள்ள இடங்கள் உண்டு. இங்கே குழி, வடிவம் என்பதைவிட ஏற்றத்தின் இழுப்புத்தான் முக்கியம். ஹேர்பீஸ் வைரசும் இதே இழையைப் பிடிக்கிறது, கொவிட் வைரசின் முள்ளும் பிடிக்கிறது. ஒரு எச்சரிக்கை: ஆய்வுகூடக் கலங்களில் திரும்பத் திரும்ப வளர்க்கும் வைரசுகள் இந்த இழையை மேலும் இறுக்கமாகப் பிடிக்கப் பழகிவிடுவதுண்டு. டெங்குவின் உறவு வைரசுகள் சிலவற்றில் அப்படி இறுக்கிப் பிடிக்கும் வகைகள் விலங்குகளில் பலவீனமாகிப் போயின. போகும் வழியெல்லாம் ஒட்டிக்கொண்டு நின்றால் ஊர் போய்ச் சேர முடியுமா?

மற்ற வழி தலைகீழ். வைரசின் E புரதத்திலேயே வெல்லம் தொங்குகிறது. நுளம்பின் கலத்தில் உருவானபோது பூட்டிய மனோசு நிறைந்த சங்கிலி அது. நம் தோலின் காவல் கலங்களில் டிசி-சைன் என்ற புரதம் இருக்கிறது. மனோசைக் கண்டால் பிடிப்பது அதன் தொழில். காவற்காரன் கள்ளனைப் பிடிக்க, கள்ளன் காவற்காரனின் வீட்டுக்குள்ளேயே குடியேறிவிடுகிறான்.

கலியாண வீட்டில் ஒரே பந்தியில் சாப்பிட்டோம். வீட்டில் எல்லோருக்கும் வயிற்றோட்டம், தம்பிக்கு மட்டும் ஒன்றுமில்லை. ஏன்?

தம்பி கத்தரிக்காய்ப் பாற்கறி சாப்பிடாமல் விட்டிருக்கலாம். அதை முதலில் விசாரியுங்கள்.

ஆனால் காரணம் நோரோ வைரசாக இருந்தால் வேறொரு சாத்தியமும் உண்டு. அந்த வைரசு பிடிப்பது குடற்சுவரில் உள்ள இரத்த வகை வெல்லங்களை. அவை குடலிலும் எச்சிலிலும் வருவதற்கு FUT2 என்ற மரபணு வேலை செய்ய வேண்டும். ஃபியூக்கோசைச் சங்கிலியில் கோக்கும் நொதியத்தை ஆக்குவது அதுதான். ஐரோப்பியரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த மரபணு இரண்டு பிரதியிலும் பழுது. 2003இல் வெளியான ஆய்வில் தொண்டர்களுக்கு நோரோ வைரசைக் குடிக்கவே கொடுத்துப் பார்த்தார்கள். FUT2 பழுதானவர்கள் ஒருவருக்கும் தொற்றவில்லை. பிடிக்க வெல்லம் இல்லை, அவ்வளவுதான். எல்லா நோரோ வகைக்கும் இது பொருந்தாது. சில வகைகள் இவர்களையும் பிடிக்கும்.

குழந்தைகளுக்கு வரும் ரோட்டா வைரசும் இந்தக் குடும்பக் கதையில் உண்டு. சில விலங்கு ரோட்டா வைரசுகளின் முள்நுனி சியாலிக் அமிலத்தைப் பிடிக்கும். ஏறக்குறைய அதே மடிப்புள்ள நுனி, மனித வகைகள் பலவற்றில், இரத்த வகை வெல்லத்தைப் பிடிக்கிறது.

என் இரத்தம் O வகை. கொவிட், டெங்கு வராதுதானே?

வரும். இரத்த வகைக்கும் சில தொற்றுகளுக்கும் சின்னச் சின்னத் தொடர்புகள் உண்டு, அதை நம்பி நுளம்பு வலையைக் கழற்ற வேண்டாம்.

கண்ணோய்க்கும் இந்தக் கதை உண்டா?

உண்டு. கடுமையான கண்ணோயைத் தரும் அடினோ வைரசு 37, கண்ணின் கலங்களில் GD1a என்ற வெல்லச் சங்கிலியைப் பிடிக்கிறது. அந்தச் சங்கிலிக்கு இரண்டு கிளை, இரண்டு நுனியிலும் சியாலிக் அமிலம். வைரசின் முள்நுனியில் மூன்று குழி. அதில் இரண்டில் இரண்டு நுனியும் ஒரேநேரத்தில் உட்காருகின்றன. இதைப் பார்த்துவிட்டு, மூன்று குழிக்கும் மூன்று சியாலிக் அமிலம் தாங்கிய செயற்கை மூலக்கூறுகளைச் செய்திருக்கிறார்கள். ஆய்வுகூடக் கலங்களில் அவை வைரசைத் தடுத்தன. கண்ணுக்குப் போடும் துளியாக வந்தால் நல்லதுதான். அதுவரை துவாயைப் பகிராமல் இருங்கள்.

இவ்வளவு சின்னக் குழியை எப்படிப் பார்த்தார்கள்?

புரதத்தைப் பளிங்காக்கி எக்ஸ் கதிர் பாய்ச்சித்தான். ஹீமக்ளூட்டினினின் வடிவத்தை வில்சன், ஸ்கெஹெல், வைலி மூவரும் 1981இல் வெளியிட்டார்கள். அதில் எனக்குப் பிடித்த விபரம்: புரதத்தை வைரசிலிருந்து வெட்டியெடுக்க அவர்கள் பாவித்த நொதியம் புரொமிலேன், அன்னாசியில் இருப்பது. பழம் கூடச் சாப்பிட்டால் நாக்கு எரிகிறதே, அதே சாமான்தான். வைரசின் முள்ளை அடியோடு நறுக்கி, மேற்பகுதியை முழுசாகக் கொடுத்துவிட்டது. சியாலிக் அமிலம் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் வடிவம் 1988இல் வந்தது. இப்போது புரதத்தை உறையவைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியிலேயே பார்க்கிறார்கள். அந்த முறைக்கு 2017இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நாங்களும் பார்க்கலாமா?

பார்க்கலாம், காசு வேண்டாம். புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற தளத்தில் ஹீமக்ளூட்டினின் என்றும் சியாலிக் அமிலம் என்றும் தேடுங்கள். போனிலேயே விரலால் திருப்பலாம், கொஞ்சம் மெதுவாக வரும். தூணை நிமிர்த்திவைத்து நுனியைப் பெரிதாக்குங்கள். குச்சிகுச்சியாகத் தெரிவதுதான் வெல்லம். அதற்கு நேர்கீழே ஒரு ஆறுகோண வளையம் படுத்திருக்கும், தொட்டால் 98 என்று இலக்கம் காட்டும்.